லாங்நெக் ஏரிக்கு ரித்வா ஆள் சேர்த்த கதை

ரே பெல்கி கதவைத் தட்டவில்லை, உதைத்தான். தாழ்ப்பாள் தெறித்து அடுப்படியில் போய் விழுந்தது. அந்த நேரத்தில் ரித்வா ஹவுதலா சாப்பாட்டு மேசையில் ஏரியின் வரைபடத்தை விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க மூலைகளில் காப்பிக் கோப்பைகளை வைத்திருந்தாள். மேசையைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் டார்வி மர ஆலையில் அவளோடு வேலை பார்க்கும் மெக்கானிக் டவ்னோ. இன்னொருவர் காட்டில் கண்ணி வைத்துப் பிழைக்கும் ஐசக் வபாசே. மூன்றாவது நோரீன், ரேயின் கூடப் பிறந்த தங்கை.

"யாரைக் கேட்டு என் ஏரிக்கு ஆள் சேக்குற?" என்றான் ரே. விஸ்கி வாடை அவனுக்கு முன்னால் உள்ளே வந்துவிட்டது.

"ஏரிய எப்ப வாங்கின? எனக்குச் சொல்லவே இல்லையே" என்றாள் ரித்வா.

அவன் வரைபடத்தைப் பிடித்து இழுத்தான். கோப்பைகள் உருண்டு உடைந்தன. டவ்னோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். முழுசாக நிமிர்வதற்குள் ரே அவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் தன் நெற்றியால் மூக்கில் ஒரு முட்டு முட்டினான். ஈரக் கட்டை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். ரத்தம் வரைபடத்தின் மேல் கொட்டியது. ஐசக் மெதுவாக எழுந்து அடுப்பிலிருந்த இரும்பு வாணலியைக் கையில் எடுத்துக்கொண்டார். ரே வாணலியைப் பார்த்தான், பிறகு தங்கையைப் பார்த்தான்.

"நீயுமாடி?"

"நானுந்தான்" என்றாள் நோரீன்.

"கேட்டுக்கோ ரித்வா. லாங்நெக் பனிமேல உன் தலைய நான் பார்த்தேன்னா, அப்புறம் உன் பொணத்த ஐஸ் உருகினப்புறம்தான் தேடணும்."

அவன் போனபின் உடைந்த கதவு வழியாகக் குளிர் வீட்டுக்குள் புகுந்தது. டவ்னோ துண்டை மூக்கில் வைத்து அண்ணாந்து கிடந்தான். ரித்வா வரைபடத்தை உதறி, ரத்தத்தைத் துடைத்து, மறுபடி மேசையில் விரித்தாள்.

"சரி, எங்க விட்டோம்? ஐஸ்ல துளை போடுற மெஷின் ரெண்டு வேணும். ஒண்ணு உறைஞ்சு போனா இன்னொண்ணு."

அதுதான் ரித்வா.

ஆலையில் ரம்பம் தீட்டும் அறையில் அவளுக்கு வேலை. ஆள் உயர வட்ட ரம்பங்களைப் பல் பல்லாகத் தீட்டித் தீட்டி அவள் விரல்நுனிகள் தழும்பேறிக் கிடந்தன. பின்லாந்திலிருந்து வந்து குடியேறிய பண்ணைக் குடும்பம் அவளுடையது. அப்பா பேசாத மனிதர், அம்மா அதைவிட. ரேயின் வாயடிப்பும் சிரிப்பும்தான் அவளை இழுத்தன. கல்யாணமான முதல் குளிர்காலத்திலேயே அவன் அவளை லாங்நெக்குக்குக் கூட்டிப்போனான். உறைந்த ஏரியில் துளை போட்டு டிரவுட் மீன் பிடிக்க ஊரில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போவது அவன்தான். யார் வரலாம், யார் எந்தக் குடிசையில் தூங்கலாம், யார் எந்தத் துளையில் தூண்டில் போடலாம், எல்லாம் அவன் வாய்வார்த்தை. ரித்வா சமைத்தாள், விறகு பிளந்தாள், மீன் கழுவினாள். தூண்டில் பிடிக்கக் கிடைத்த நேரத்தில் பிடித்தாள். ஆழத்தில் எங்கோ இருட்டுக்குள்ளிருந்து ஒரு டிரவுட் வந்து இரையைத் தட்டுகிற அந்த ஒரு தட்டு அவள் முழங்கை வரைக்கும் ஏறும். அது வேண்டுமென்பதற்காகவே வருஷம் முழுக்க மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள்.

பொறுத்துக்கொள்ள நிறைய இருந்தது. உடைந்த விலா, கொத்தாகப் பிடுங்கப்பட்ட முடி, கதவிடுக்கில் நசுக்கப்பட்ட விரல். கடைசியாக ஒரு பயணத்தில், பெரிய மீன் ஒன்று ரேயின் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போனது. ரித்வா சிரித்துவிட்டாள். கேலியில்லை, மீனின் சாமர்த்தியத்துக்குச் சிரித்த சிரிப்பு. அவன் மீன் இழுக்கும் கொக்கியைத் திருப்பிப் பிடித்து, அதன் கட்டையால் அவள் தாடையில் அடித்தான். எலும்பு இரண்டாகப் போனது. பக்கத்துத் துளைகளில் இருந்த அத்தனை பேரும் சத்தம் கேட்டார்கள். அத்தனை பேரும் தங்கள் தூண்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் டவ்னோவும் ஒருவன்.

ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பியால் கட்டினார்கள். அவள் ரேயின் துணிமணிகளை வாசல் பனியில் எறிந்துவிட்டுப் பூட்டை மாற்றினாள். நீதிமன்றம் அவளை நெருங்கக் கூடாதென்று அவனுக்கு உத்தரவு போட்டது. போலீஸ் நிலையமோ நெடுஞ்சாலையில் வெகுதூரம் தள்ளி இருந்தது. உத்தரவு அங்கே இருந்தது, ரே இங்கே இருந்தான்.

அடுத்த குளிர்காலம் ஊரில் எவரும் லாங்நெக் பேச்சை எடுக்கவில்லை. அதற்கடுத்த குளிர்காலம் ரித்வா ஆலைக் கேன்டீனில் தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்று, "மார்ச்சுல லாங்நெக் போறேன். யார் வரீங்க?" என்றாள். அத்தனை தலைகளும் சூப்புக்குள் கவிழ்ந்தன. கொஞ்ச நேரம் கழித்து டவ்னோ மட்டும் கை தூக்கினான். முகம் சிவந்திருந்தது. ஏன் வருகிறாய் என்று அவள் கேட்கவில்லை. ஐசக்கை அவளே தேடிப்போய் அழைத்தாள். நோரீன் தானாக வந்தாள்.

"உன் அண்ணன் உன்னைக் கொன்னுடுவான்" என்றாள் ரித்வா.

"எங்கப்பா கையால சாகாதவ நான். இவன் என்ன புதுசா?"

அப்பன் பெல்ட்டைக் கழற்றும்போதெல்லாம் சின்ன வயது ரே தங்கையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுத் தன் முதுகைக் காட்டுவானாம். நோரீன் அதையும் சொன்னாள். சொல்லிவிட்டு, இரைக்கு உப்புப் போட்ட பொடிமீன் யார் வாங்குவது என்று கேட்டாள்.

கதவு உடைந்த அந்த மாலையில், ரே போனபின், நாலு பேருக்குள்ளும் வந்த சண்டை முழுக்கப் பாதையைப் பற்றித்தான். பழைய மரலாரிச் சாலையில் போனால் நேரே ஏரி ஒடுங்கும் கழுத்துக்கு வந்துவிடலாம்; ரே எப்போதும் போகிற வழி அது. ஐசக் வரைபடத்தின் கிழக்கோரத்தில் விரலை வைத்தார்.

"இப்படிச் சுத்திப் போலாம். தூரம் அதிகம். ஆனா அவன் கண்ணுல பட மாட்டோம். கழுத்துல தண்ணி ஓட்டம் வேற இருக்கு, ஐஸ் நம்ப முடியாது."

"நான் ஒளிஞ்சு போக மாட்டேன்" என்றாள் ரித்வா.

"நீ மீன் பிடிக்கப் போறியா, சண்டை பிடிக்கப் போறியா?"

"அவன விட்டு வந்தேன் ஐசக். ஏரிய விட்டு வரல."

ஐசக் விரலைப் பழைய சாலைக்கு நகர்த்தினார். "கழுத்து வரைக்கும் பழைய ரோடு. அங்கேருந்து கரையோரமா இறங்கி நடக்கணும். அதுக்கு ஒத்துக்கிட்டா நான் வரேன்" என்றார். அவள் ஒத்துக்கொண்டாள். பிறகு யார் எதைச் சுமப்பது, விழுந்தால் ஐஸைக் குத்திப் பிடித்து ஏற ஆளுக்கொரு ஜோடி ஆணிக்கட்டை கழுத்தில் தொங்க வேண்டும், யாரும் தனியே போகக் கூடாது என்று எல்லாம் முடிவாயிற்று. மருந்துப்பெட்டியோடு கை கால் முறிந்தால் வைத்துக் கட்ட இரண்டு மரச்சட்டங்களையும் தடித்த கம்பளிகளையும் ரித்வா எடுத்து வைத்தாள். யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளுக்கென்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் வேலை முடிந்து வந்தவள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தாள். வாசலில் அவள் தன் கையால் கட்டி, ஏரிக்கு இழுத்துப்போகச் சறுக்குக் கட்டைகள் மேல் ஏற்றி வைத்திருந்த மீன்பிடிக் குடிசை நடுவில் பிளந்து கிடந்தது. இயந்திர ரம்பத்தால் கூரையிலிருந்து தரை வரைக்கும் ஒரே வெட்டு. உள்ளே கணப்பு அடுப்பை ரே கோடரியால் நசுக்கியிருந்தான். மரத்தூள் பனிமேல் மஞ்சளாகப் பரவியிருந்தது.

போலீஸ்காரர் வந்து சுற்றிப் பார்த்தார். "யாராவது பார்த்தாங்களா?" என்றார்.

"ஊரே பார்த்திருக்கும். ஆனா ஒருத்தனும் பார்த்திருக்க மாட்டான்."

அவர் போனதும் ரித்வா ஐஸ் உடைக்கும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் தெருவில் நடந்தாள். ரேயின் வீட்டு முற்றத்தில் அவனுடைய ஆட்கள் இரண்டு பேர் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களைத் தாண்டிப்போய், அவன் கூடாரச் சட்டங்களை அடித்து நொறுக்கினாள். துளை போடும் இயந்திரத்தை அடித்தாள். பனியில் ஓடும் மோட்டார் வண்டியின் கண்ணாடியை அடித்தாள். தடுக்க வந்த ஒருவனின் வயிற்றில் கடப்பாரையின் பின்முனை இறங்கியது. அவன் மடிந்து உட்கார்ந்து வாந்தியெடுத்தான். அதைப் பார்த்தும் அவளுக்கு நிறுத்தத் தோன்றவில்லை. ஒவ்வொரு அடிக்கும் உடம்பில் சூடு ஏறியது. சொல்லப்போனால், இனித்தது.

ரே வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றான். வெளியே வரவில்லை. அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்தபின்தான் கையில் ரத்தம் வழிவதைப் பார்த்தாள். நோரீன் வந்து அவள் உள்ளங்கையில் ஏறியிருந்த கண்ணாடிச் சில்லுகளைச் சாமணத்தால் பிடுங்கினாள்.

"எங்க வீட்டு ரத்தம் உனக்கு எப்படி வந்துச்சு?" என்றாள் நோரீன். குரலில் கேலியில்லை.

"நல்லா இருந்துச்சு நோரீன். அடிக்கும்போது நல்லா இருந்துச்சு. அவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?"

நோரீன் அடுத்த சில்லைத் தேடினாள். "போகாம இருந்துடலாமா?" என்று கேட்டாள்.

"குடிசை இல்லைன்னா கூடாரத்துல போவோம். டவ்னோகிட்ட ஒண்ணு இருக்கு" என்றாள் ரித்வா.

அப்படித்தான் போனார்கள். கழுத்து வரை பழைய சாலை. அங்கே ஐசக் கடப்பாரையால் குத்திப் பார்த்தார். இரண்டாம் குத்திலேயே கறுப்புத் தண்ணீர் கொப்பளித்தது. கரையேறி, புதர்களுக்குள் பனிவண்டிகளைத் தள்ளி, வியர்த்து வழிந்து மறுபக்கம் இறங்கினார்கள். அகன்ற ஏரி வெள்ளையாகக் கிடந்தது. டவ்னோ துளைகள் போட்டான். வீங்கிய மூக்கோடு வாயால் மூச்சு விட்டுக்கொண்டே, "இந்த மூக்குக்கு மீன் வாடை தெரியாது, எனக்கு அதிர்ஷ்டம்" என்றான். நோரீன் சிரித்தாள். தூண்டிலை ஆழத்தின் அடிவரைக்கும் விட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே சுண்டி இழுக்கத் தொடங்கினார்கள்.

மதியத்துக்குச் சற்று முன் ரித்வாவின் முழங்கைக்கு அந்தத் தட்டு வந்தது. கம்பு வில்லாக வளைந்தது. மீன் ஆழத்துக்குப் பாய்ந்தது, நின்றது, மறுபடி பாய்ந்தது. நரம்பு துளையின் விளிம்பில் கீச்சிட்டது. அவள் மண்டிபோட்டு, விட்டு விட்டு இழுத்து, கடைசியில் துளைக்குள் பச்சைச் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய தலை தெரிந்தபோது கையை விட்டுச் செவுளைப் பிடித்து வெளியே எறிந்தாள். டிரவுட் பனியில் துள்ளிப் பனியையே சிவப்பாக்கியது. ஐசக் கட்டையால் அதன் தலையில் ஒரே அடி அடித்து முடித்தார். ரித்வா மல்லாந்து படுத்து, கம்பி கட்டிய அடையாளம் மாறாத தாடையோடு வானத்தைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பின் மேல்தான் இயந்திரச் சத்தம் வந்து விழுந்தது.

ரே தனியாக வந்தான். தண்ணீர் ஓடும் கழுத்தின் மேலேயே வேகமாக ஓட்டி எப்படியோ தப்பி வந்திருந்தான். கண்ணாடி உடைந்த வண்டியை முறுக்கிக்கொண்டு கூடாரத்தின் மேலேயே ஏற்றினான். துணி கிழிந்து சக்கரப் பட்டையில் சுற்றியது. தூண்டில்களையும் பெட்டிகளையும் நசுக்கினான். ஐசக்கின் இடுப்பில் வண்டியின் முனை இடித்து அவர் தூரப் போய் விழுந்தார். டவ்னோ ஓடிவந்து அவன்மேல் பாய்ந்தான். இரண்டு பேரும் உருண்டார்கள். உடைந்த மூக்கிலேயே ரே குத்தினான். டவ்னோ முழங்காலிட்டுக் கவிழ்ந்தான்.

பிறகு ரே ரித்வாவின் தலைமுடியைப் பிடித்தான்.

"சிரிடி. இப்பச் சிரி பார்ப்போம்."

அவளைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றி, அவள் முகத்தைத் துளைக்குள் அமுக்கினான். முகம் கொள்கிற அளவுக்குத்தான் துளை. தண்ணீர் கத்தியாக இறங்கியது. அவள் கைகளால் பனியைப் பிறாண்டினாள். கண்ணைத் திறந்தாள். கீழே பச்சையும், பச்சைக்குக் கீழே கறுப்பும் தெரிந்தன. வாய்க்குள் ஏரி புகுந்தது.

அப்போது அவள் முதுகிலிருந்த பாரம் துள்ளியது. நோரீன் கடப்பாரையை இரண்டு கையாலும் ஓங்கி அண்ணனின் தோளில் இறக்கியிருந்தாள். தோள்பட்டை எலும்பு நொறுங்கிய சத்தம் பனியில் எதிரொலித்தது. ரே ஒரு பக்கமாகச் சரிந்தான். ஒரு கை தொங்கியது. மறு கையை நீட்டி, "நோரீன்" என்றான். அடிக்க நீட்டினானா, கெஞ்ச நீட்டினானா என்று அங்கே இருந்த யாருக்கும் பிற்பாடு சொல்லத் தெரியவில்லை. நோரீன் மறுபடி ஓங்கி அவன் முழங்காலில் அடித்தாள். கால் போகக் கூடாத திசையில் மடிந்தது.

மூன்றாம் முறை ஓங்கியபோது ரித்வா இருமிக்கொண்டே தவழ்ந்து வந்து நாத்தனாரின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"போதும். போதும்டி. அவன் முடிஞ்சான்."

நோரீன் கடப்பாரையைக் கீழே போட்டாள். தூரத்தில் ஒரு காக்கை, செத்த டிரவுட்டை நோக்கித் தத்தித் தத்தி வந்துகொண்டிருந்தது.

அவனை அங்கேயே விட்டுவிடலாம் என்று டவ்னோதான் வாய்விட்டுச் சொன்னான். வாயெல்லாம் ரத்தம். "குளிரே வேலையப் பார்த்துக்கும். யாருக்குத் தெரியப்போகுது?" மூன்று பேரும் ரித்வாவைப் பார்த்தார்கள். கூட்டத்தைச் சேர்த்தவள் அவள்.

ரித்வாவின் முடி அதற்குள் உறைந்து கம்பி கம்பியாக நின்றது. பற்கள் கிடுகிடுத்தன. அவனை விட்டுவிட அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது; பின்னாளில் அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. ரேயைக் குனிந்து பார்த்தாள். அவன் அவளைத் திட்டிக்கொண்டிருந்தான். நடுநடுவே அம்மாவைக் கூப்பிட்டான்.

"நாலு பேர் வந்தோம். அஞ்சு பேராப் போறோம்" என்றாள். "டவ்னோ, அந்தச் சட்டத்தை எடு. ஐசக், உன்னால வண்டி ஓட்ட முடியுமா?"

தனக்கென்று வைத்திருந்த சட்டங்களை அவன் காலில் வைத்துக் கட்டினாள். கட்டும்போது அவன் அலறினான். அவள் இன்னும் இறுக்கினாள். மீன் ஏற்ற வைத்திருந்த சறுக்குப் பலகையில் கம்பளி சுற்றிப் படுக்க வைத்தார்கள். கழுத்து வழியே போனால் சீக்கிரம் என்று ரேயே முனகினான். ரித்வா கேட்கவில்லை. ஐசக் முதலில் சொன்ன கிழக்குப் பாதையில் சுற்றிக்கொண்டு போனார்கள். பலகை ஒவ்வொரு மேட்டிலும் தூக்கிப் போட்டது. ரே திட்டினான், அழுதான், பிறகு மயங்கிப்போனான். நோரீன் பலகையின் பின்னால் நின்றபடி அவன் முகத்தில் பனி விழாமல் தன் கையால் மறைத்துக்கொண்டே வந்தாள்.

நீதிமன்றத்தில் எல்லாம் வெளியே வந்தது. ரேக்குச் சிறை. நோரீன்மேலும் வழக்குப் போட்டார்கள். முதல் அடி உயிரைக் காக்க, இரண்டாம் அடி எதற்கு என்று கேட்டார் அரசு வக்கீல். "எனக்குத் தெரியல. கை நிக்கல" என்றாள் நோரீன். அடுத்துச் சாட்சிக் கூண்டில் ஏறிய ரித்வா, தானும் அதே கடப்பாரையால் ஒருவனை வாந்தியெடுக்க வைத்ததையும், அது தனக்கு இனித்ததையும் கேட்காமலே சொன்னாள். வக்கீல்கள் இரண்டு பேருமே முகத்தைச் சுளித்தார்கள். நோரீனை விட்டுவிட்டார்கள். ரித்வாவுக்கு அபராதம் விதித்தார்கள்.

அதற்கப்புறம் நோரீன் அவளோடு பேசவில்லை. தெருவில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வாள்; அவளைப் பார்த்தால் அந்த இரண்டாம் அடி ஞாபகம் வருகிறது என்று டவ்னோவிடம் சொன்னாளாம். ரித்வா ஒவ்வொரு மார்ச்சிலும் ஆள் சேர்த்தாள். கேன்டீனில் இப்போது நிறையக் கைகள் எழுந்தன. சண்டை போடத் துடிக்கும் கை எது என்று அவளுக்குப் பார்த்ததும் தெரிந்தது. அதை அவள் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒருவன் ஏனென்று எகிறியபோது, "உன்ன மாதிரி ஒருத்தி ஏற்கெனவே கூட்டத்துல இருக்கா. நான்தான்" என்றாள்.

ரே சிறையிலிருந்து வந்தபோது கம்பு ஊன்றி நடந்தான். ஒரு தோள் இறங்கியே இருந்தது. நெடுஞ்சாலையைத் தாண்டி ஒரு ட்ரெய்லர் வீட்டில் தனியாகக் குடியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நோரீன் பல வருஷங்களுக்குப் பிறகு ரித்வாவின் கதவைத் தட்டினாள். அவளிடம் கார் இல்லை.

"அவனுக்குச் சாப்பாடு கொண்டு போகணும். நடந்து போக முடியல."

ரித்வா சாவியை எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் கூட்டிப்போகிறாள். ட்ரெய்லர் வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். இறங்க மாட்டாள். நோரீன் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு வருவாள். திரும்புகிற வழியெல்லாம் பேசிக்கொள்வது குறைவுதான்.

ஏரி உறைந்து கிடந்த ஒரு ஞாயிறு நோரீன் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, கையுறையைக் கழற்றினாள்.

"இந்த வருஷம் மீன் எந்தப் பக்கம் கடிச்சுதுன்னு கேட்டான்."

ரித்வா வண்டியைப் பின்னால் எடுத்தாள். "சொன்னியா?"

"இல்ல."

"நல்லது" என்று சொல்லிவிட்டு ரித்வா நெடுஞ்சாலையில் ஏறினாள்.